மூன்று வயதிலிருந்து பதில் சொல்கிறவர்

போன மாதம் ஆக்லாந்திலிருந்து தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். தம்பி என்றால் சின்னம்மாவின் மகன், நியூசிலாந்து போய் எட்டு வருடம் ஆகிறது. படத்தில் ஒரு தடித்த உறை, பக்கத்தில் கத்தையாக ஒரு கேள்வித்தாள். "அக்கா, நான் எப்படித் தூங்குகிறேன், எவ்வளவு குடிக்கிறேன், கடவுளை நம்புகிறேனா, எந்தக் கட்சி, பக்கத்து வீட்டுக்காரர்மேல் நம்பிக்கை இருக்கிறதா, எல்லாவற்றையும் கேட்கிறார்கள். இவர்களுக்கு எதற்கு இதெல்லாம்? குப்பையில் போட்டுவிடவா?" என்று கேட்டிருந்தான். அவன் எழுதியது எங்கள் மொரீசியஸ் தீவின் பேச்சுமொழியான கிரியோலில், நான் தமிழில் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பேச்சு முக்கால்வாசி கிரியோல்தான், தமிழ் எனக்குக் கோவில் வகுப்பிலும் பிறகு மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்திலும் படித்து வந்தது.

அந்த நேரத்தில் நான் கத்தர்போர்னில் சின்னம்மா வீட்டில்தான் இருந்தேன். படத்தைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, விரலால் படத்தைப் பெரிதாக்கி, இரண்டு நிமிடம் நிதானமாகப் பார்த்தார். அப்புறம் போனை என் கையில் கொடுத்துவிட்டு, "நிரப்பி அனுப்பச் சொல். நான் மூன்று வயதிலிருந்து இப்படிப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

எனக்கு நாற்பத்து நாலு வயது. சின்னம்மா மடியில் வளர்ந்தவள் நான். இந்த விஷயத்தை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

அவர் சொன்னதும், அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் தம்பிக்கு வந்த உறை. அது நியூசிலாந்து மனப்பாங்குகள் மற்றும் விழுமியங்கள் ஆய்வு. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் கிறிஸ் சிப்லி 2009இல் தொடங்கியது, இருபது வருடம் நடத்துவது என்று ஆரம்பத்திலேயே திட்டம். வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் பெயர்களை எடுத்துத் தபாலில் கேள்வித்தாள் அனுப்புகிறார்கள், முதல் சுற்றில் 6,500 பேருக்கு மேல் பதில் போட்டார்கள். (அந்த நாட்டில் குடியுரிமை இல்லாவிட்டாலும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்து ஒரு வருடம் வாழ்ந்திருந்தால் ஓட்டுப் போடலாம், தம்பி பெயர் பட்டியலுக்குள் வந்தது அப்படித்தான்.) இதில் முக்கியமானது, பதில் போட்டவருக்கே அடுத்த வருடமும் கேள்வித்தாள் போகும். அதற்கடுத்த வருடமும் போகும்.

அதே ஆளிடம் திரும்பத் திரும்பக் கேட்பதில் என்ன இருக்கிறது என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. வருடத்துக்கு ஒருமுறை ஆயிரம் புது ஆட்களைக் கேட்டாலும் நாடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியத்தானே செய்கிறது? தெரியும். ஆனால் யார் சாய்ந்தார்கள் என்று தெரியாது. பத்துப் பேர் கோவிலுக்குப் போவதை நிறுத்தி, வேறு பத்துப் பேர் போக ஆரம்பித்தால், மொத்தக் கணக்கில் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும், உள்ளே இருபது வாழ்க்கை புரண்டிருக்கும். என் வகுப்பறையை வைத்துச் சொல்கிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் சராசரி உயரத்தை எழுதிவைத்தால், தலைமுறைக்குத் தலைமுறை பிள்ளைகள் வளர்த்தியாகிறார்களா என்று சொல்லலாம். ஆனால் ஒரு பிள்ளை எந்த வயதில் விறுவிறு என்று வளர்ந்தது, எந்த வருடம் நின்றது, அந்த வருடம் வீட்டில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால், பாட்டி வீட்டு நிலைக்கதவில் பென்சிலால் கோடு போட்டு வைப்போமே, அதுதான் வேண்டும். ஒரே பிள்ளை, பல கோடுகள்.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்து நிலநடுக்கத்தில் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று தெரிந்தது. 2011 பிப்ரவரி 22, 185 பேர் இறந்தார்கள். ஒரு பேரழிவுக்குப் பிறகு மக்களிடம் போய் "முன்பைவிடக் கடவுள் நம்பிக்கை கூடியிருக்கிறதா" என்று கேட்டால் யாருடைய நினைவையும் நம்ப முடியாது, துக்கத்தில் இருப்பவர் முன்பு தான் எப்படி இருந்தோம் என்பதையே மாற்றித்தான் நினைப்பார். ஆனால் இந்த ஆய்வுக்காரர்களின் கையில் அதே மனிதர்கள் 2009இல், பூமி அசைவதற்கு முன்பே, எழுதிக்கொடுத்த பதில்கள் இருந்தன. சிப்லியும் ஜோசப் புல்புலியாவும் 2012இல் அதை வெளியிட்டார்கள். நாடு முழுவதும் மத நம்பிக்கை மெல்லக் குறைந்துகொண்டிருந்த காலத்தில், நிலநடுக்கம் தொட்டவர்களிடம் மட்டும் அது கூடியிருந்தது. அதோடு நிற்கவில்லை. புதிதாக நம்பத் தொடங்கியவர்களுக்கு, தங்கள் உடல்நலம் பற்றிய எண்ணம் அதனால் மேம்பட்டதாகத் தெரியவில்லை. அந்த அதிர்ச்சிக்கு நடுவே இருந்த நம்பிக்கையையும் விட்டுவிட்டவர்களுக்குத்தான் உடல்நலம் பற்றிய எண்ணம் நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. இதைப் படித்தபோது 2020 ஆகஸ்டில் வாக்காஷியோ கப்பலின் எண்ணெய் நம் தென்கிழக்குக் கரையில் கசிந்த நாட்கள்தான் நினைவுக்கு வந்தன. மாஹேபூரில் காய்ந்த கரும்புத் தோகையைத் துணிப்பைகளில் அடைத்து, தலைமுடியைக்கூட வெட்டிக் கொடுத்து, கடலில் மிதவைத் தடுப்புகள் கட்டினோம். அந்தக் கரையில் வலை வீசிப் பிழைத்தவர்கள் அதற்கு முந்தைய வருடம் அரசை எவ்வளவு நம்பினார்கள், எப்படித் தூங்கினார்கள் என்பதற்கு ஒரு பழைய கேள்வித்தாள் இருந்திருந்தால்!

சரி, சின்னம்மா கதைக்கு வருகிறேன்.

மொரீசியஸ் சுதந்திரம் அடைந்தது 1968 மார்ச் 12. நான்கு வருடம் கழித்து, 1972இல், நாட்டின் நடுமேட்டில் இருக்கும் வாக்குவா, கத்தர்போர்ன் என்ற இரண்டு ஊர்களில் மூன்று வயதுப் பிள்ளைகள் 1,795 பேரை ஒரு ஆராய்ச்சியில் சேர்த்தார்கள். இங்கிலாந்தின் பீட்டர் வெனபிள்ஸ், அமெரிக்கரான சார்னாஃப் மெட்னிக், நம் ஊர்க்காரர் சிரில் தலே ஆகியோர் அதை நடத்தினார்கள். பின்னாளில் ஏட்ரியன் ரெய்னும் சேர்ந்துகொண்டார். கூட்டுக் குழந்தைநலத் திட்டம் என்று அதற்குப் பெயர். அந்த வயதில் ஒரு பிள்ளையின் உடம்பிலும் நடத்தையிலும் தெரிகிற சின்னச் சின்ன அடையாளங்களுக்கும், அந்தப் பிள்ளை வளர்ந்தபின் வரும் மனநோய்க்கும் நடத்தைக் கோளாறுக்கும் தொடர்பு இருக்கிறதா, இருந்தால் முன்கூட்டியே ஏதாவது செய்ய முடியுமா, இதுதான் கேள்வி. இந்து, முஸ்லிம், ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரியோல், சீனர், தமிழர், எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த 1,795 பேரில் சின்னம்மா ஒருவர்.

மூன்று வயதில் நடந்தது அவருக்கு நினைவில்லை, பாட்டி சொல்லித்தான் தெரியும். பாட்டி அவரை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாராம். விரல்களில் கம்பி போன்ற ஒன்றை ஒட்டினார்கள், காதில் ஒலி கேட்கும் கருவியை மாட்டினார்கள், பிள்ளை அழவில்லை, கண்ணை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது என்று பாட்டி பெருமையாகச் சொல்வாராம். அது தோல் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்க்கும் சோதனை. மனம் விழித்துக்கொள்ளும்போது விரல் நுனியில் நமக்கே தெரியாத அளவு வியர்வை ஊறும், தோல் மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்தும். ஒரு சத்தத்துக்குப் பிள்ளை உள்ளுக்குள் எப்படித் துள்ளுகிறது என்பதை வாய் பேசாமலே அப்படி அளந்துவிடலாம். இதயத்துடிப்பு, உயரம், எடை, அப்புறம் வாய்க்கடையில் புண் இருக்கிறதா, முடி செம்பட்டையாகவும் மெலிந்தும் இருக்கிறதா, இரத்தசோகை உண்டா என்றெல்லாம் பார்த்தார்கள். கடைசியில் சொன்னவை சத்துக்குறைவின் அடையாளங்கள். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் காலையில் தேநீரில் தோய்த்த ரொட்டி, மதியம் சோறும் பருப்பும், வேலியோரம் பறித்த கீரையில் ஒரு புய்யோன், அதாவது தண்ணியான சாறு. பாட்டனார் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். மீன் வந்தால் அது முதலில் அவர் தட்டுக்குத்தான் போகும்.

பதினொரு வயதில் மறுபடி கூப்பிட்டார்கள், அது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது, கட்டைகளை அடுக்கச் சொன்னார்கள், படங்களில் என்ன குறைகிறது என்று கேட்டார்கள். பதினேழு வயதில் மனசுக்குள் வரும் நினைப்புகளைப் பற்றி ஒரு கேள்வித்தாள். இருபத்து மூன்றில் ஒருவர் நேரில் பேட்டி எடுத்தார். அப்போது சின்னம்மாவுக்குக் கல்யாணம் ஆகி, தம்பி வயிற்றில். "அவசரமில்லை, உட்கார்ந்து பேசுங்கள் என்று சொன்னார்கள், என்னை அப்படி யாரும் உட்காரவைத்துக் கேட்டதே இல்லை" என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

இப்போது இந்த ஆராய்ச்சியில் என் மனதை விட்டு நகராத பகுதிக்கு வருகிறேன்.

அந்த 1,795 பேரில் 100 பேரைத் தேர்ந்து, 1973இல் அவர்களுக்காகவே இரண்டு மழலைப் பள்ளிகள் திறந்தார்கள். மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுவரை, இரண்டு வருடம். ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியை. தினமும் பால், பழச்சாறு, மீனோ கோழியோ ஆட்டிறைச்சியோ சேர்ந்த சூடான சாப்பாடு, பச்சைக் காய்கறி. உடற்பயிற்சி, வெளியே ஓடி விளையாட நேரம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. மற்ற பிள்ளைகள் போனது ஊரில் எல்லோரும் போகிற குட்டிப் பள்ளிக்கூடத்துக்கு. நாங்கள் தி-லெகோல் என்போம், முப்பது பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியை, ஆ-பே-சே என்று பிரெஞ்சு எழுத்துகளை ஒப்பிக்க வேண்டும், பாலும் கிடையாது, மதியச் சாப்பாடும் கிடையாது, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகிற ரொட்டியோ சோறோதான்.

சின்னம்மா போனது தி-லெகோலுக்கு. பின் சந்தில் இருந்த ஒரு பையன் போனது அந்தப் புதுப் பள்ளிக்கு. "அவன் சாயந்திரம் வந்து இன்றைக்கு மீன் சாப்பிட்டேன் என்று சொல்வான், நான் அம்மாவிடம் போய் என்னையும் அங்கே சேர்த்துவிடு என்று அழுவேனாம்" என்றார். பாட்டிக்கு அதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

பிறகு என்ன தெரிந்தது? பதினொரு வயதில் அந்தப் பள்ளிக்குப் போன பிள்ளைகளின் மூளையும் உடலும் மற்றவர்களைவிட விழிப்பாக, கவனம் கூடியதாக இருந்தன, தோலின் மின்கடத்தலிலும் மூளை அலைகளிலும் அது பதிவானது. அந்தப் பள்ளியை விட்டு ஆறு வருடம் ஆன பிறகும்! 2003இல் வெளிவந்த கட்டுரையில், அந்தப் பள்ளிக்குப் போன 83 பேரை, ஒத்த நிலையில் இருந்த 355 பேரோடு ஒப்பிட்டார்கள். பதினேழு வயதில் நடத்தைக் கோளாறு குறைவு, மனச்சிதைவுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளுமைக் கூறுகளும் குறைவு. இருபத்து மூன்று வயதில், தாங்கள் செய்த குற்றங்களைத் தாங்களே ஒப்புக்கொண்டவர்களின் விழுக்காடு ஏறக்குறைய 35 விழுக்காடு குறைந்திருந்தது. நீதிமன்றப் பதிவுகளிலும் குறைவுதான், ஆனால் அதில் எண்ணிக்கை சிறிது என்பதால் அடித்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது இன்னொன்று. மூன்று வயதில் சத்துக்குறைவின் அடையாளங்கள் இருந்த பிள்ளைகளுக்குத்தான் அந்தப் பள்ளியால் கூடுதல் நன்மை.

யோசித்துப் பாருங்கள். ஒரு தட்டு மீன், ஒரு டம்ளர் பால், பெயர் சொல்லிக் கூப்பிட நேரம் இருக்கிற ஒரு ஆசிரியை, ஓடுவதற்கு ஒரு முற்றம். ஐந்து வயதில் முடிந்துபோன ஒன்று இருபத்து மூன்று வயதில் கணக்கில் தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் இருபது வருடமாக நிற்கிற எனக்கு இதைப் படித்தபோது உட்கார முடியவில்லை.

பின் சந்துப் பையன் பிறகு என்ன ஆனார் என்று கேட்டேன். அவர் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெறப் போகிறார், நல்ல மனிதர், காவடிக்கு எங்கள் கோவிலில் பார்ப்பேன் என்றார் சின்னம்மா. சின்னம்மாவும் அருமையான மனுஷி, மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்து, வீட்டிலேயே தையல் வேலை செய்து, யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காதவர். ஆக, எங்கள் சந்தில் இருந்த இரண்டு பேரை வைத்துப் பார்த்தால் எந்த வித்தியாசமும் இல்லை! இரண்டு பேரை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதால்தான் 1,795 பேர் தேவைப்பட்டார்கள். ஊரில் நாம் "அவன் அப்பன் அப்படி, அதனால இவன் இப்படி" என்று ஒரே ஒரு குடும்பத்தை வைத்து எவ்வளவு தீர்ப்பு எழுதுகிறோம்.

இந்தத் திட்டத்திலிருந்து வந்த எல்லாக் கட்டுரைகளையும் நான் நிம்மதியாகப் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். 2010இல் ஒன்று வந்தது. மூன்று வயதில் ஒரு குறிப்பிட்ட ஒலிக்குப் பின்னால் காதைப் பிளக்கும் ஒரு சத்தம் வரும் என்று பிள்ளைகளுக்குப் பழக்கியிருந்தார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் ஒலியிலேயே விரல் நுனி வியர்க்கும், அதாவது வரப்போவதை உடம்பு எதிர்பார்க்கிறது. இருபது வருடம் கழித்து, குற்றப் பதிவு இருந்த 137 பேரின் பழைய தாள்களை எடுத்து 274 பேரோடு ஒப்பிட்டால், அந்த 137 பேர், ஒரு குழுவாகப் பார்க்கும்போது, மூன்று வயதில் அந்த எதிர்பார்ப்பைக் காட்டியிருக்கவில்லை. இதைப் படிக்கும் யாருக்கும் வயிற்றைப் பிசையும். ஏனென்றால் இதைத் தப்பாகப் பிடித்துக்கொண்டால், மழலைப் பள்ளியிலேயே ஒரு பிள்ளையைக் காட்டி "இது சரிவராது" என்று சொல்லிவிடலாம். நம் சமூகத்தில் அதைச் சொல்வதற்குக் கருவிகூடத் தேவையில்லை, குடும்பப் பெயரே போதும், தெருப்பெயரே போதும்.

ஆனால் அது குழுவின் சராசரி. வியர்க்காத பிள்ளைகளிலும் எத்தனையோ பேர் ஒரு வம்புக்கும் போகாமல் வளர்ந்தார்கள், வியர்த்த பிள்ளைகளிலும் சிலர் தவறினார்கள். அதைவிட முக்கியமாக, மூன்று வயதில் ஏதோ தெரிகிறது என்று சொன்ன அதே ஆராய்ச்சிதான் மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுவரை நல்ல சாப்பாடும் கவனிப்பும் கொடுத்தால் பதினேழிலும் இருபத்து மூன்றிலும் கதை மாறுகிறது என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படிக்காதவர் இந்த ஆராய்ச்சியைப் படிக்கவே இல்லை என்பேன். இப்போது மொரீசியஸில் 2024 முதல் மூன்று வயதிலிருந்தே முன்பள்ளி இலவசம். ரொம்ப நல்லது. ஆனால் முப்பது பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியை என்ற கணக்கு எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் கட்டணம் மட்டும்தான் போயிருக்கிறது, தி-லெகோல் போகவில்லை.

இதே தீவில் இன்னொரு நீண்ட கணக்கெடுப்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1987இல் தொற்றாநோய்களுக்கான தேசிய ஆய்வு தொடங்கியது, ஆஸ்திரேலிய நீரிழிவு ஆராய்ச்சியாளர் பால் சிமெட் அதில் பெரும் பங்கு வகித்தார், பிறகு 1992, 1998 என்று தொடர்ந்தது. அதில் இரண்டு விஷயம் முகத்தில் அடித்தது போலத் தெரிந்தது. சர்க்கரை நோய் நம் இந்திய வம்சத்துக்கு மட்டும் வந்த சாபம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம், இன்றும் பலர் நினைக்கிறார்கள், ஆனால் கிரியோல் வீடுகளிலும் சீன வீடுகளிலும் அது ஏறக்குறைய அதே அளவுக்கு இருந்தது. வெவ்வேறு வம்சம், ஒரே தீவு, ஒரே மாதிரி மாறிப்போன வாழ்க்கைமுறை. இரண்டாவது, சமையல் எண்ணெய். கடையில் மலிவு விலையில் கிடைக்கும் எண்ணெயை இங்கே தெல்வில் ராசியோன் என்போம். அது பெரும்பாலும் பாமாயிலாக இருந்தது. அரசு அதைப் பெரும்பாலும் சோயா எண்ணெயாக மாற்றியது. 1987இல் லிட்டருக்கு 5.5 மில்லிமோலாக இருந்த மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் 1992இல் 4.7 ஆகக் குறைந்தது. ஐந்தே வருடத்தில், ஒரு நாடு முழுவதற்கும்! எண்ணெய் மட்டுமே காரணம் இல்லை, நோய்த்தடுப்புப் பிரசாரமும் உடன் நடந்தது, ஆனாலும் எண்ணெய்க்குப் பெரிய பங்கு. பாட்டி கடைசிவரை "இந்த எண்ணெயில் வடை முன்னைப்போல மொறுமொறுப்பாக வரவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சர்க்கரை மட்டும் குறையவில்லை, எங்கள் குடும்பத்தில் இப்போது ஐந்து பேருக்கு இருக்கிறது.

நோயை அளந்தாயிற்று, குழந்தைகளை அளந்தாயிற்று. மனதில் இருப்பதையும் அப்பப்போது அளக்கிறார்கள், ஆப்பிரிக்க நாடுகளில் கருத்துக்கணிப்பு நடத்தும் ஆப்ரோபரோமீட்டர் என்ற அமைப்பு 2012இலிருந்து மொரீசியஸிலும் கருத்துக் கேட்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்கள். எனக்கு வேண்டியது தம்பிக்கு வந்த மாதிரி ஒரு உறை. இந்தத் தீவின் ஒரே ஆளை இருபது வருடம் தொடர்ந்து கேட்க வேண்டும். இங்கே 1972க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எந்தச் சமூகம் என்று கேட்பதில்லை. அதற்கு நல்ல காரணம் உண்டு, அந்தக் கேள்வியை மறுபடி கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள், முன்னோர் மொழி எது என்று கணக்கெடுப்பில் கேட்கிறார்கள். பத்து வருடத்துக்கு ஒருமுறை தமிழ் என்று சொல்கிறவர்களின் எண்ணிக்கை வரும், எங்கள் ஆசிரியர் சங்கத்தில் ஒரு நாள் கவலைப்படுவோம். ஒரு தனிமனிதர் எப்போது தமிழை விடுகிறார் என்பது அந்த எண்ணில் இல்லை. பள்ளியில் ஆறாம் வகுப்புத் தேர்வு முடிந்ததுமா, வேலைக்குப் போனதுமா, பாட்டி இறந்த வருடமா? விட்டவர் திரும்பி வருவதும் உண்டு, என் மாலை வகுப்பில் ஐம்பது வயதில் "அ" எழுதக் கற்கிற இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். பாட்டி இறந்த வருடம் விட்டார்கள் என்றால் நான் பாடத்திட்டத்தோடு சண்டை போடுவதில் அர்த்தமில்லை, பாட்டிகளோடு உட்கார வேண்டும்.

தம்பிக்கு இதையெல்லாம் ஒரு மணி நேரக் குரல்பதிவாக அனுப்பினேன். அவன் டனீடனைப் பற்றிச் சொன்னான், அவன் அலுவலகத்தில் ஒருவர் அந்த ஊர்க்காரராம். நியூசிலாந்தின் தெற்கே இருக்கிறது டனீடன், 1972 ஏப்ரலிலிருந்து 1973 மார்ச்வரை அங்கே பிறந்த 1,037 பிள்ளைகளை இன்றுவரை தொடர்ந்து பார்க்கிறார்கள். சின்னம்மா விரலில் கம்பி ஒட்டிய அதே காலம்! நாற்பத்தைந்தாவது வயதுச் சுற்றில், உயிரோடு இருந்தவர்களில் 94 விழுக்காட்டினர் வந்தார்கள். உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் விமானச் சீட்டு எடுத்துக்கொடுத்துக் கூட்டி வருகிறார்கள். ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்றால், விட்டுப்போகிறவர்கள் ஒரு மாதிரியான ஆட்களாகவே இருப்பார்கள். வீடு அடிக்கடி மாறுகிறவர், வேலை போனவர், உடம்பு முடியாதவர், மனசு சரியில்லாதவர். அவர்கள் உதிர்ந்துபோனால் மிச்சம் இருப்பவர்களை வைத்து நாடே நலமாக இருக்கிறது என்று எழுதிவிடுவோம். மொரீசியஸிலும் எண்பதுகளில் பிரான்சுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் எத்தனை பேர் போனார்கள், 100 பேரில் 83 பேரைத்தான் கட்டுரையில் பார்க்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டான். கேள்வித்தாளைப் பாதி நிரப்பிவிட்டேன் என்றான். ஒன்றிலிருந்து ஏழுவரை எண் போட வேண்டிய கேள்விகள் நிறைய, சில கேள்விகளுக்கு எண் போட்டுவிட்டு ரொம்ப நேரம் யோசித்தானாம், தன்னைப் பற்றி இப்படி ஒருநாளும் யோசித்ததில்லை என்றான். "பொய் சொல்லக் கூடாதா அம்மா, கொஞ்சம் நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொள்ளலாமா?" என்று கேட்டான். சின்னம்மா வாழையிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார், அன்றைக்கு வீட்டில் ஏழு கறிச் சமையல். "நான் எதையும் மாற்றிச் சொன்னதில்லை" என்றார். "பதினேழு வயதில், ராத்திரியில் யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று எழுதினேன். அதை அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை."

நாங்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம் தம்பிதான் பேச்சை மாற்றினான், அடுத்த வருடம் வேறு ஊருக்கு வேலை மாறலாம் போல இருக்கிறது என்றான். சின்னம்மா இலையைக் கீழே வைத்துவிட்டுப் போனுக்குப் பக்கத்தில் வந்தார்.

"வீடு மாறினால் புது முகவரியை அவர்களுக்கு எழுதிவிடு. தேட விடாதே."